சாஸ்தா பாறையில் சிவப்பு மனிதர்கள்

இல்லை, பங்குனி உத்திரத்தன்று போகாதீர்கள். அன்று பாறை தெரியாது, முதுகுகள்தான் தெரியும். நான் போனது இரண்டு நாள் முன்னால். தொண்ணூற்றாறு, பங்குனி. எம்.ஏ. கடைசி ஆண்டு. தன் ஊருக்கு மேலே மலைப்பாறையில் சிவப்பாக மனிதர்கள் இருப்பதாக வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். யாரும் படம் எடுத்ததில்லையாம். அது போதும். இரவல் கேமரா, முப்பத்தாறு படங்களுக்கு ஒரு சுருள்.

ஜங்ஷனில் காலை 5.50 பஸ். பேட்டை தாண்டும்போது வெளுத்தது. 6.40க்குச் சேரன்மகாதேவி, டிக்கெட் நாலு ரூபாய். இட்லி சாப்பிட்டுவிட்டு வயல் வழியாக நாலு கிலோமீட்டர். பிறகு ஒன்றரை மணி நேர ஏற்றம். முள் அதிகம், செருப்பு போதாது. பாதையெங்கும் வெள்ளைச் சொட்டுகள். யாரோ வழி காட்டியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அது சுண்ணாம்பு என்று உறைக்கவில்லை.

9.30. கூரை போல முன்னால் சாய்ந்த பெரும்பாறை. அடியில் சாஸ்தா பீடம். மேலே, இரண்டு ஆள் உயரத்தில், அவர்கள்! கைகோத்த ஏழு பேர். ஒரு மான். ஏதோ விலங்கின் மேல் ஒருவன். காவிச் சிவப்பு, ஒவ்வொன்றும் ஒரு சாண். கத்தியே விட்டேன்.

பக்கத்தில் ஏணி மேல் நின்றிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். கையில் சுண்ணாம்பு அடிக்கும் மட்டை. கீழே ஏணியைப் பிடித்திருந்தவர் அவருடைய மச்சினர், ஐம்பது வயது அண்ணாச்சி. அண்ணாச்சியின் தங்கை சொர்ணம், ஏணிக்காரரின் மனைவி, சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். இது அவர்கள் குடும்பத்துச் சாஸ்தா. உத்திரத்துக்கு முன் வருஷா வருஷம் வெள்ளையடிப்பார்கள், கை எட்டும் வரை. இந்த வருஷம்தான் ஏணி.

"பம்பாயில இருக்க நம்ம பயலுவ எல்லாம் வாரானுவ. பளிச்சுனு இருக்கணும்லா," என்றார் அண்ணாச்சி.

"மேல இருக்க படம் ஆயிரக்கணக்கான வருஷத்துப் படம் அண்ணாச்சி!"

"அப்பம் அழுக்கும் அத்தன வருஷத்து அழுக்குதான். நீரு அடியும் மாப்ள."

மட்டை உயர்ந்தது. மானின் பின்கால்கள் போய்விட்டன. அடுத்தது அந்தச் சவாரிக்காரன்.

"அண்ணாச்சி, ஆனை மேல இருக்கது யாரு?"

யானையா என்று எனக்கே தெரியாது. சாஸ்தாவுக்கு யானை வாகனம் என்பது மட்டும் தெரியும். ஏணிக்காரர் முகத்தைப் பாறையோடு ஒட்டிப் பார்த்தார்.

"தும்பிக்கை இருக்கு வே!"

சொர்ணம் எழுந்துவிட்டார். "சாமி மூஞ்சிலயா சுண்ணாம்ப அடிக்கப் போனீரு? பைய எறங்கும்!"

"ஒங்க அண்ணன்லா அடிக்கச் சொன்னாரு!"

"அவரு கெணத்துல குதிக்கச் சொன்னா குதிப்பீராக்கும்?"

ஜெயித்துவிட்டேன். அரை நிமிடம்தான். சொர்ணம் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "நீதான தாயி மொதல்ல பாத்த. ஏறி நெத்தியில பொட்டு வை."

ஏறினேன். என் மூச்சு படும் தூரத்தில் அந்த மனிதன். நெற்றி கடுகளவு. நான் ஒரு பொட்டு வைத்தால் உத்திரத்துக்கு வரும் அத்தனை பேரும் வைப்பார்கள், ஒவ்வொரு வருஷமும். சுண்ணாம்பிலிருந்து காப்பாற்றிச் சந்தனத்தில் மூடுவதா? யானையின் காலுக்கு நாலு விரற்கடை கீழே, வெறும் பாறையில் வைத்தேன்.

"பாதத்துல வச்சிட்டேன் அக்கா."

"அதுவும் மொறதான்," என்றார் சொர்ணம்.

பிறகு சுருள் முழுவதும் தீர்த்தேன். போகிறவர்களுக்கு: மூன்று லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள், குடிக்க மட்டும். நிறம் தூக்கலாகத் தெரியப் பாறையில் தெளிக்காதீர்கள். வெளிச்சம் பதினொரு மணி வரை நன்றாக விழுகிறது. வனத்துறை அனுமதி கேட்டுவிட்டு ஏறுங்கள். நான் கேட்கவில்லை, அது தப்பு. பொய் சொன்னதும் தப்புதானா? அங்கே நிற்கும்போது அப்படித் தோன்றவில்லை. இன்னொரு முறை மட்டை உயர்ந்தாலும் அதையேதான் சொல்வேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். உத்திரத்துக்கு வருகிறவர்களும் பொட்டு வைக்க ஏணி அங்கேயே இருக்கட்டும் என்றார் சொர்ணம்.

"இங்கன கெடந்தா ஆரு வேணா சாமி தலைக்கு மேல ஏறுவாவளே அக்கா," என்றேன்.

அண்ணாச்சி யோசித்தார். "அதுஞ்சரிதான். அப்பம் ஒரு பக்கத்த நீ தூக்கு."

முன்பக்கம் அவர் தோளில், பின்பக்கம் என் தோளில். இறங்க இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. அவர்கள் வீட்டுத் தொழுவத்தில் ஏணியைச் சாய்த்துவிட்டு 3.20 பஸ்ஸைப் பிடித்தேன்.