வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இரண்டு பேர்

1972 மார்ச் பதினோராம் தேதி, சனிக்கிழமை. அன்று காசிராஜனுக்கு வயது முப்பத்தாறு. அதுவரை நடுவர்கள் அவரைக் கால்பந்து மைதானத்தை விட்டு வெளியே அனுப்பியது ஏழு முறை. ஏழு முறையும் ஒரே காரணம்தான்: வாய்.

அன்றைய விதிப்படி, ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளரும் ஒரு பார்வையாளர்தான். கோட்டுக்கு வெளியே நின்று தன் பையன்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பல ஊர்களில் நடுவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பெரிய ஆட்டங்களுக்கு விசில் ஊதிய பால்பாண்டி கண்டுகொண்டார். திருச்சுழி தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை. ஓய்வு நாளில் கறுப்பு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டால், பந்தைப் பார்க்கிற அதே கவனத்தோடு கோட்டுப் பக்கம் காதையும் வைத்திருப்பார்.

காசிராஜனோ சும்மா நிற்கத் தெரியாதவர். பந்தல்குடி ரோட்டில் புதிதாக எழும்பிய கல்லூரிக்கு அவர்தான் பி.டி. சார், அவர்தான் கால்பந்துப் பயிற்சியாளர். பந்து போகும் பக்கமெல்லாம் கோட்டோடு சேர்ந்து ஓடுவார். பையன் உதைக்க வேண்டிய பந்தை இவர் காற்றில் உதைப்பார். செருப்பு பறந்து கூட்டத்தில் போய் விழும். எடுத்துக் கொடுக்கவென்றே முன்வரிசையில் ஆள் இருந்தது. கோல் விழுந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கட்டிப்பிடித்துத் தூக்குவார். ஒரு முறை எதிர்க் கல்லூரி முதல்வரையே தூக்கிவிட்டார்.

விதியை ஏமாற்ற ஒரு வழியும் கண்டுபிடித்தார். மைதானத்தைச் சுற்றி எப்போதும் ஆடு மேயும். "ஏலே, அந்த வெள்ளாட்ட விட்டுட்டு நிக்கியே, எடது பக்கமா மறிலே!" என்று மேய்ப்பவனை அதட்டுவதுபோலக் கத்துவார். வெள்ளாடு என்றால் எதிரணியின் சென்டர் பார்வர்டு என்பது அவர் பையன்களுக்குத் தெரியும். ஒரு பருவம் முழுக்க இது ஓடியது. கடைசியில் ஒரு நாள் பால்பாண்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கோட்டருகே வந்தார்.

"காசி சார், ஆடு எங்க?"

"இப்பத்தான் போச்சு சார்."

"அப்ப நீங்களும் அது பின்னாடியே போங்க."

அவருக்கு நேர்மாறு ஞானராஜ். மல்லாங்கிணறு பக்கம் மிஷன்காரர்கள் நடத்திய கல்லூரியின் பயிற்சியாளர். வருஷா வருஷம் இந்த இரண்டு கல்லூரிகளும்தான் கோப்பைக்கு மோதும். ஞானராஜ் மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, கறுப்புக் குடையைத் தரையில் ஊன்றி, வளைந்த பிடியின் மேல் வாயைப் பதித்துக்கொள்வார். ஆட்டம் முடிகிறவரை அப்படியே. கோல் போட்டாலும் அதே முகம், வாங்கினாலும் அதே முகம். மாணவர்கள் அவருக்கு மைல்கல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அணி கோல் போட்டதும் கூட்டத்தில் பாதி பேர் பந்தை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்புவார்கள், சிரிக்கிறாரா என்று பார்க்க. யாரும் பார்த்ததில்லை.

காசிராஜனுக்கு இது பொறுக்காது. "அவுக ஒடம்புல ரத்தம் ஓடுதா, மோர் ஓடுதா?" என்பார்.

அந்த மார்ச் மாதம் கோப்பையைவிடப் பெரிய ஒன்று அவர் தலைக்கு மேல் தொங்கியது. ஏழாவது முறை வெளியே அனுப்பப்பட்ட மறுநாள், கல்லூரிச் செயலாளர் சங்கரலிங்கம் கூப்பிட்டு அனுப்பினார். பஞ்சு வியாபாரி, கல்லூரியைக் கட்டி எழுப்பியவர்களில் முதல் ஆள். உரக்கப் பேச மாட்டார்.

"தம்பி, பையன்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கத்தான ஒங்கள வச்சிருக்கோம். ஒங்களயே ரெப்ரி வெளிய தள்ளுதாரு. இன்னொரு தடவ தள்ளுனா காலேஜுக்கும் வெளியதான், பாத்துக்கிடுங்க."

காசிராஜன் தற்காலிக ஊழியர். ஜூன் தோறும் புதுப்பிக்கிற வேலை. போய்விட்டால், திருச்சுழியில் வத்தலும் மல்லியும் எள்ளும் விற்கும் குடும்பக் கடையில் அண்ணனுக்கு அடுத்த மணையில் உட்கார வேண்டியதுதான். கடை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் செத்துப்போவேன் என்று மனைவி சண்முகவடிவிடம் சொல்லியிருந்தார்.

சண்முகவடிவு சனிக்கிழமை காலையில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். உள்ளே சில்லுக்கருப்பட்டி.

"கத்த வந்தா ஒண்ண எடுத்து வாயில போடுங்க. அது கரையிற வரைக்கும் பேச முடியாது. கரைஞ்சா அடுத்தது."

"ஆட்டம் ஒன்றர மணி நேரம்டி."

"பொட்டலம் பெருசாத்தான் கட்டியிருக்கேன்."

அன்று கோப்பை ஆட்டம் நடந்த கல்லூரி மைதானம் கரிசல். மாசி, பங்குனி வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். சில வெடிப்புகளில் கால் தொடை வரை இறங்கும். ஆகையால் பெரிய ஆட்டம் என்றால் முதல் நாளே காய்ந்த மணலைக் கொட்டி, கட்டையால் இடித்து இறுக்கி, வெடிப்புகளை அடைத்துவிடுவார்கள். அடைத்த பிறகு தண்ணீர் காட்டக் கூடாது. தண்ணீர் பட்டால் மணல் கீழே இறங்கிவிடும். மேலே மட்டும் கரிசல் இளகி, பால் ஆடைபோல மூடிக்கொள்ளும். பார்வைக்குத் தரை, மிதித்தால் பள்ளம்.

வெள்ளிக்கிழமை காசிராஜனும் மாணவர்களும் அடைத்தார்கள். சனிக்கிழமை காலை சங்கரலிங்கம், மதுரையிலிருந்து வரும் விருந்தினர்களின் வெள்ளை வேட்டியில் தூசி படியக் கூடாதே என்று, இரண்டு வண்டித் தண்ணீரை மைதானம் முழுக்கத் தெளிக்கச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

மதியம் வந்த காசிராஜன் தண்ணீர் பட்ட தரையைப் பார்த்ததும் குனிந்து தொட்டுப் பார்த்தார். செயலாளர் சிரித்த முகமாக, "எப்படித் தம்பி, தூசி அடங்கிருச்சா?" என்றார்.

"அடங்கிருச்சுய்யா."

வேறென்ன சொல்வார்? தனியாகப் போய் வெடிப்பு இருந்த இடங்களை மிதித்துப் பார்த்தார். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. ஒரு ஆள் மெதுவாக மிதிப்பதும், இருபத்திரண்டு பேர் ஒரு மணி நேரம் ஓடுவதும் ஒன்றல்ல என்பது அப்போது தோன்றவில்லை.

ஆட்டம் நான்கரைக்குத் தொடங்கியது. சுற்றிலும் இரண்டாயிரம் பேர் இருக்கும். தறிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து தனி பஸ்ஸில் மாணவர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கிழக்குக் கோட்டருகே ஞானராஜின் நாற்காலி. அதற்கு இருபது அடி தள்ளிக் காசிராஜன், கன்னம் புடைத்து நின்றார்.

"என்ன சார், பல்வலியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

காசிராஜன் தலையை ஆட்டினார்.

முதல் பாதியில் ஆளுக்கு ஒரு கோல். இவர் அணி போட்டபோது காசிராஜன் சத்தமே இல்லாமல் துள்ளினார். எதிரணி போட்டபோது பொட்டலத்தில் கையை விட்டு இரண்டு துண்டுகளை ஒன்றாகப் போட்டுக்கொண்டார். பால்பாண்டி இரண்டு முறை இந்தப் பக்கம் சந்தேகமாகப் பார்த்தார். காசிராஜனின் மௌனம் அவரைக் குழப்பியிருக்க வேண்டும்.

இரண்டாவது பாதியின் நடுவில் மல்லாங்கிணறு அணியில் இடது ஓரம் ஆடும் லெப்ட் அவுட் இன்பராஜ் பந்தோடு கிழக்குக் கோட்டை ஒட்டிப் பறந்து வந்தான். அந்த வட்டாரத்திலேயே வேகமான கால்கள். தடுக்க ஆளில்லை. அவனுக்குப் பத்தடி முன்னால் தரையில் ஒரு கறுப்புக் கீறல் நீண்டு கிடந்ததைக் காசிராஜன் பார்த்தார். அடுத்த கணம் அதன் ஓரத்தில் மேல்மண் பொலபொலவென்று உள்ளே உதிர்ந்தது.

கருப்பட்டி ஒரு பக்கம் போய் விழுந்தது.

"ஏலே இன்பராஜூ, நில்லு! வெடிப்பு! காலு போயிரும்லே!"

மைதானத்தின் மறுகோடி வரை கேட்ட குரல். இன்பராஜ் குதிகாலை ஊன்றி, சறுக்கி, பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டான். பந்து உருண்டு ஓடியது. அருப்புக்கோட்டைத் தடுப்பாட்டக்காரன் அதை எடுக்கவும் பால்பாண்டி விசில் ஊதவும் சரியாக இருந்தது.

மல்லாங்கிணறு மாணவர்கள் கொதித்துப்போனார்கள். "அழுகுணி ஆட்டம்! கோல் போடுற பையன பயங்காட்டி நிறுத்துறாக!" மணல் அள்ளி வீசினார்கள். விருந்தினர் பந்தலில் சங்கரலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

பால்பாண்டி ஓடி வந்தார். "காசி சார், வெளிய போங்க."

காசிராஜன் வெடிப்பைக் கையால் காட்டினார். பால்பாண்டி திரும்பவில்லை, நீட்டிய விரல் மைதான வாசலைப் பார்த்தபடியே இருந்தது. காசிராஜன் குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கினார்.

அப்போதுதான் ஞானராஜ் எழுந்தார். கூட்டத்தின் சத்தம் பாதியாகக் குறைந்தது. மைல்கல் எழுந்து யாரும் பார்த்ததில்லை. மைதானத்துக்குள் நடந்து போய், இன்பராஜின் பாதங்களுக்கு இரண்டடி முன்னால் நின்று, குடையை நேராகக் கீழே விட்டார். கம்பி, துணி எல்லாம் உள்ளே போய், பிடி மட்டும் தரையோடு நின்றது.

இன்பராஜ் அந்தப் பிடியைப் பார்த்தான். பிறகு தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"வெடிப்பு இருக்கு, சரி சார்," என்றார் பால்பாண்டி. "ஆனா வெளிய நின்னு சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

"யாருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது?" என்றார் ஞானராஜ்.

"கோச்சு, தன் பையன்களுக்கு."

"இவுக சொன்னது என் பையனுக்கு. என் பையனுக்கு இவுகளா கோச்சு?"

"இன்னைக்கு மட்டும் கோச்சு!" என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு பரவியது.

பால்பாண்டி யோசித்தார். "அப்ப இவுக யாரு?"

"கூட்டத்துல நின்னு கத்துன ஒரு ஆளு."

"கூட்டம் கத்துறதுக்கெல்லாம் விசில் ஊதுனா நான் வீடு போய்ச் சேர முடியாது," என்று சொல்லிவிட்டுப் பால்பாண்டி நீட்டிய விரலை மடக்கினார். பந்தை நடுவரே கீழே போட்டு ஆட்டம் தொடரும் என்று அறிவித்தார்.

சங்கரலிங்கம் பந்தலிலிருந்து இறங்கி வந்து குடைப்பிடியைப் பார்த்தார். "நேத்து அடைக்கலையா தம்பி?"

"அடைச்சோம்யா."

மீதியை ஒரு மாணவன்தான் சொன்னான்: "காலையில தண்ணி ஊத்துனதுல மண்ணு உள்ள போயிருச்சுய்யா." செயலாளர் தன் செருப்பில் காலையில் ஒட்டிக் காய்ந்திருந்த கரிசலைப் பார்த்தார். பிறகு மணல் கொண்டுவரச் சொல்லி, அடைத்து முடிகிற வரை வெயிலில் அங்கேயே நின்றார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது இன்பராஜ் கோல் போட்டான். இரண்டுக்கு ஒன்று, கோப்பை மல்லாங்கிணற்றுக்கு. காசிராஜன் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டார். அதற்கு விதி ஒன்றும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் ஞானராஜைத் தேடிப் போனார். அவர் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"சார், இன்னைக்கு என் பொழப்பக் காப்பாத்துனீக. எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"நீங்க எனக்குச் சொல்லக் கூடாது சார். நான்தான் ஒங்களுக்குச் சொல்லணும்." ஞானராஜ் குடையை நீட்டினார். மூங்கில் பிடி முழுக்கப் பல் பதிந்த தடங்கள். சில பழையவை, கறுத்துப்போனவை. சில அன்றைக்கு விழுந்தவை.

"எங்கப்பா சர்ச்சுல உபதேசியாரு. கோயில்ல மூச்சுவிட்டாக்கூட முறைப்பாக. அப்படியே பழகிருச்சு. ஆட்டம் பூரா உள்ளுக்குள்ள கத்திக்கிட்டேதான் இருப்பேன், வெளிய வராது. அந்த வெடிப்ப நானும் பாத்தேன் சார். ஒங்களுக்கு முந்தியே பாத்தேன். வாயத் தொறந்தேன். சத்தம் வரல."

காசிராஜன் அந்தப் பிடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீங்க கத்துனீக," என்றார் ஞானராஜ். "என் பையன் ரெண்டு காலோட வீட்டுக்குப் போறான்."

மறுநாள் ஞாயிறு. கோயில் ஆராதனை முடிகிற நேரம் பார்த்து, காசிராஜன் கடையிலிருந்து ஒரு பை வத்தலும் மல்லியும் எடுத்துக்கொண்டு மல்லாங்கிணற்றில் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஞானராஜின் மனைவி கதவைத் திறந்தாள்.

"நீங்கதான அந்த வெள்ளாட்டு சாரு? வாங்க, வாங்க. ஏங்க, யாரு வந்திருக்காக பாருங்க!" பையை வாங்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "நேத்துத் தூக்கத்துல 'நில்லு, நில்லு'ன்னு அவுக போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரக எந்திரிச்சு வந்துட்டாக சார். இத்தன வருஷத்துல இப்படிக் கேட்டதே இல்ல."

"வந்துருச்சா!" என்றார் காசிராஜன், தன் அணி கோல் போட்ட மாதிரி.

அன்று மத்தியானம் அங்கேயே சாப்பிட்டார். அடுத்தடுத்த வருஷங்களில் அவர் அணி இரண்டு முறை கோப்பையை வென்றது, மூன்று முறை தோற்றது. ஞானராஜின் பேச்சை எடுத்தால் இந்த எண்ணிக்கைக்கெல்லாம் அவர் வரவே மாட்டார். "அவுக அன்னைக்கு எந்திரிச்சாக" என்றுதான் தொடங்குவார்.

ஜூன் முதல் வாரத்தில் காசிராஜனின் வேலை நிரந்தரமானது. அதே மாதம் சங்கரலிங்கம் மைதானத்தின் கிழக்கு ஓரத்தை ஆளுயரத்துக்குத் தோண்டச் சொல்லி, வெயிலில் வெடிக்காத செம்மண்ணை நூறு லோடு கொண்டுவந்து கொட்டினார்.