ஐந்தாம் பெட்டியைத் தேடி கரங்கானுக்கு

அன்று தோட்ட மேனேஜரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: ஆந்தைப் பெட்டியை முதலில் நகர்த்தியது யார் என்பது.

பினாங்கில் முதுகலை படிக்கிறேன். கரங்கான் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் எந்த உயிர் எதைத் தின்கிறது என்பதைக் கணினி கணக்கிடக்கூடிய வலையாக மாற்றுவது என் ஆய்வு. ஒவ்வோர் உயிரும் ஒரு புள்ளி. தின்பதற்கும் தின்னப்படுவதற்கும் இடையே ஒரு கோடு. முப்பத்தொரு புள்ளிகள். ஒன்றைக் கூட்டினால் மற்றவற்றுக்கு என்ன ஆகும் என்று பார்க்கலாம். ஐந்தாம் பிளாக்கில் ஆந்தைக்கு மரப்பெட்டி வைத்தால் எலி குறையும், பனங்குலைகள் தப்பும் என்றது வலை. வைத்து ஐந்து மாதமாகியும் எலி பெருகியது. மேனேஜர் எலி மருந்து வாங்கி ஸ்டோரில் அடுக்கிவிட்டார். மருந்து தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். அதைச் சொல்ல வலைகூட வேண்டாம்.

ஏன் என்று நேரில் பார்க்க மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை, காலை 7.10க்கு பட்டர்வொர்த்திலிருந்து வாடகைக் கார். 52 கிலோமீட்டர், 65 ரிங்கிட், ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம். குலிமில் தோசைக்கு நிறுத்தியதைச் சேர்க்கவில்லை. (நிறுத்துங்கள்.)

தோட்டத்துக்குள் டிராக்டர் ஓட்டும் மணி அண்ணே கூட்டிப்போனார்.

"ஒரு வருசமா யாரு யாரைத் திங்கிறான்னு எழுதுறியாமே தங்கச்சி? எங்க லயத்துல வந்து கேட்டிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்லா."

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால்தான் ஐந்தாம் பிளாக் தொடங்குகிறது. கம்பம் நின்றது. பெட்டி இல்லை.

"காத்துல விழுந்திருக்கும்," என்றார் வானத்தைப் பார்த்து.

"கம்பம் நிக்குதே அண்ணே."

"பெட்டிக்கு மட்டும் அடிச்ச காத்து."

மதியச் சாப்பாடு அவர் வீட்டில். இரண்டாவது கரண்டி மீன்குழம்பு ஊற்றும்போது அவர் மனைவி லெட்சுமி அக்கா உண்மையை உடைத்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வர்றாங்க, வீட்டுக்குப் பின்னால ஆந்தை அலறுது. மலாய்க்காரங்களே அதைப் பேய்ப் பறவைன்னுதான் சொல்றாங்க. நீயா இருந்தா விட்டு வைப்பியா? நான்தான் இவரைத் தூக்கிட்டுப் போகச் சொன்னேன்."

அண்ணே அதைக் கிளார்க் வீட்டுப் பின்னால் மாட்டினார். கிளார்க் மகளுக்குப் பரீட்சை; அவர் கோயில் பக்கம் தள்ளினார். பூசாரி அதைப் பந்துத் திடலுக்கு அனுப்பினார். பெட்டியின் எண் மட்டும் மாறவில்லை. ஐந்தாம் எண் பெட்டி என்றால் ஐந்தாம் பிளாக்கில்தான் இருக்கும் என்று நம்பி நான் வலை பின்னியிருந்தேன்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடாதம்மா," என்றார் அக்கா. "இவருக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் லெட்டர் இருக்கு. இன்னொண்ணு வந்தா வேலை போயிடும்."

திடலுக்குப் போனோம். கோல் கம்பத்துக்குப் பக்கத்து மரத்தில் ஐந்தாம் எண் பெட்டி. கீழே ஆந்தை கக்கிய எலும்பு உருண்டைகள். திடலில் எலி வளை ஒன்றுகூட இல்லை. வலை சொன்னது சரிதான், இடம்தான் தப்பு.

மரத்தடியிலேயே மடிக்கணினியைத் திறந்து முப்பத்திரண்டாவது புள்ளியாக மனிதர்களைச் சேர்த்தேன். அங்கிருந்து ஆந்தைக்கு ஒரு கோடு, தின்னும் கோடு அல்ல, பயக் கோடு. எவ்வளவு எடை கொடுப்பது? மூன்று குடும்பத்தில் ஒன்றுகூட ஆந்தையை வைத்துக்கொள்ளவில்லை. முழு எடையும் கொடுத்தேன். ஐந்தாம் பிளாக்கில் எலி பெருகும் என்றது கணினி.

மூன்றேகாலுக்கு மேனேஜர் அறை.

"உங்க கம்ப்யூட்டர் சொன்ன ஆந்தை எங்கம்மா?"

"வீட்டுப் பக்கம் வச்சா நிலைக்காது சார். திடல்ல இருக்கு. பம்ப் ஹவுஸ்கிட்ட வைக்கலாம், அங்க வீடே இல்ல."

"திடலுக்கு யாரு கொண்டுபோனா?"

மணி அண்ணே வாசலில் நின்று தன் காலில் கிடந்த சப்பாத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வலையில ஒரு புள்ளி விட்டுப்போச்சு சார். என் தப்பு."

மேனேஜர் என்னை, பிறகு அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். "ரெண்டு மாசம். அப்புறம் மருந்துதான்."

போகிறவர்களுக்கு: மேனேஜரிடம் முன்அனுமதி கேளுங்கள். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து அவசியம். திரும்ப வாடகைக் கார் கிடைப்பது கஷ்டம், காலையில் வந்தவரிடமே சொல்லிவையுங்கள். எதையும் அளப்பதற்கு முன் லயத்தில் ஒருவேளை சாப்பிடுங்கள். நான் ஒரு வருடம் எழுதியும் தெரியாத கோடு குழம்புக் கரண்டியோடு வந்தது.

ஏழாவது வாரம் பம்ப் ஹவுஸ் பெட்டிக்கு ஆந்தை வந்தது. மருந்து ஸ்டோரிலேயே இருக்கிறது. மணி அண்ணே டிராக்டர் ஓட்டுகிறார். மகளுக்குப் பார்த்த வரன் கூடிவரவில்லை. பெட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம் என்கிறார் லெட்சுமி அக்கா.