புத்தகம் முடியும் வெள்ளிக்கிழமை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா இஸ்ரேலில் ஒரு யூத முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். எங்கள் ஊரான பள்ளிமுனையில் அப்பாவும் நானும் தம்பியும், எங்களுக்குச் சமைத்துப்போட வந்த சித்தியும். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், அங்கே ஓய்வுநாள் தொடங்குமுன், அம்மா வாட்ஸ்அப்பில் அழைப்பார்.

அந்த ஐயா மோசேயின் ஐந்து நூல்களையும் வாரத்துக்கு ஒரு பகுதியாக வாசித்து, ஒரு வருடத்தில் முடிப்பவர். வாசித்து மூடிவிட்டால் போதாது. அந்த வாரத்துக்கு அதிலிருந்து ஒரு பாடம் எடுக்க வேண்டும், அம்மாவும் எடுக்க வேண்டும். அம்மா எடுத்த பாடங்கள் கடல் தாண்டி எங்கள் தலையில் வந்து விழும். எங்கள் பைபிளில் இருக்கும் மோசே அந்த ஐயாவின் கைக்கு எப்படிப் போனார் என்பது எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

நோவா பேழை செய்த வாரம், மாரிக்கு முன் கூரைத் தகரத்துக்கு ஆணி அடிக்கும்படி அப்பாவுக்கு உத்தரவு வந்தது. தகப்பன் யோசேப்புக்கு மட்டும் அங்கி கொடுத்த கதை வந்த வாரம், எனக்கு மட்டும் சட்டை அனுப்பியதற்காக அம்மா தம்பியிடம் மன்னிப்புக் கேட்டார். தோல்நோய்ச் சட்டங்கள் வந்த வாரம்தான் விசேஷம். ஊர்வம்பு பேசுகிறவர்களுக்கு வரும் நோய் அது என்று ஐயா விளக்கினாராம். கேட்டுக்கொண்டிருந்த சித்தி, அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போனார். அடுப்பு அன்று மூட்டியிருக்கவேயில்லை.

எப்போது வருவீர்கள் என்று நான் அம்மாவின் உயிரை வாங்கியதில், ஒருநாள் அவர், "இந்தப் புத்தகம் முடியட்டும் பிள்ளை, வாறன்" என்றார். என் வாயை அடைக்கத்தான் சொன்னாரோ தெரியாது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் பைபிளில் பென்சிலால் கோடு போட்டேன். ஐந்தாம் நூலில் மிச்சத் தாள்கள் குறையக் குறைய அவற்றை எண்ணி எண்ணிப் பார்த்தேன். அம்மா வரப்போகிறார் என்று வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டேன்.

கடைசி வெள்ளி, கோயிலுக்குப் போடும் சட்டையோடு போனுக்கு முன்னால் இருந்தேன். மோசே மலையில் ஏறினாராம். அவருடைய சனத்துக்குத் தருவதாகச் சொன்ன நாடு முழுவதையும் கடவுள் அங்கிருந்து காட்டினாராம்.

"கண்ணால பாத்தார் பிள்ளை. உள்ளுக்குப் போகேல்ல. அங்கயே செத்துப் போனார்."

பாடம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"போனைத் திருப்பி வீட்டைக் காட்டு" என்றார் அம்மா.

இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்த எங்களுக்கு, அம்மாவின் உழைப்பில் அந்த வருடம்தான் கல்வீடு எழும்பியிருந்தது. அவர் அதில் ஒரு நாளும் படுத்ததில்லை. யன்னலைக் காட்டினேன், சித்தி சமைக்கும் குசினியைக் காட்டினேன். "மெல்லத் திருப்பு, மெல்ல" என்றார். "இனி வாசலைக் காட்டு."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. போனை என் முகத்துக்கே திருப்பினேன்.

"வந்து பாக்கலாம்தானே? எப்ப வாறீங்கள்?"

அம்மா போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஐயா திரும்ப முதலில இருந்து தொடங்கிட்டார் பிள்ளை. முடிச்ச கையோட தொடங்கிறதுதான் இவையின்ர வழக்கமாம். இன்னும் ஒருக்கா முடியட்டும்."

முடிந்த புத்தகத்தை அன்றைக்கே மறுபடி தொடங்கும் சனமும் உலகத்தில் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? "பொய்க்காரி" என்று கத்திவிட்டுப் போனை நிறுத்தினேன். பைபிளில் போட்ட கோடுகளை எல்லாம் அழித்தேன். ஒரு தாள் கிழிந்தும் போனது.

அம்மா அந்தப் புத்தகத்தை இன்னும் மூன்று முறை முடித்த பிறகே வந்தார். அதற்குள் நான் அவர் காதளவுக்கு வளர்ந்திருந்தேன். வந்த அன்று, குசினி லைட்டின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார்.

மோசேயின் மலைக்கு அம்மா பாடம் சொல்லவில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். "வீட்டைக் காட்டு" என்றதுதான் அந்தப் பாடம். கடவுளாவது மோசேக்கு முழு நாட்டையும் காட்டினார். நான் அம்மாவுக்கு வாசலைக்கூடக் காட்டவில்லை.