மூலையில்லாத மேசை

என் மகளுக்கு ஒரு ரிப்பன் வாங்கவே நான் இரண்டு கடை ஏறி இறங்குகிறேன். வாங்கிய பிறகும், அந்தப் பச்சையையே எடுத்திருக்கலாமோ என்று வீடு வரும்வரை யோசிக்கிறேன். அம்மாவிடமிருந்து வந்த குணம் இது. அந்த அம்மா ஒரே ஒரு முறை, ஒரு பொருளை ஒரு நிமிடத்தில் தேர்ந்தெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

தாம்பரம் வீட்டில் அதுவரை நாங்கள் தரையில்தான் சாப்பிட்டோம். அப்பா, அம்மா, நான், தம்பி, அப்பாவின் அக்காவான அத்தை. அத்தை பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் ஆகவில்லை. யாருக்கு எந்த இடம் என்ற பேச்சே தரையில் எழுந்ததில்லை. கொஞ்சம் நகர்ந்தால் இடம் வந்துவிடும். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து, டாக்டர் கீழே உட்காரக் கூடாது என்று சொன்ன பிறகுதான் மேசை வாங்கும் யோசனை வந்தது.

ஒரு சனிக்கிழமை ஐந்து பேரும் மின்சார ரயிலில் பல்லாவரம் போனோம். அப்பாவின் சட்டைப்பையில் ஒரு சணல் கயிறு இருந்தது. கூடத்தில் மேசைக்கு விட முடிந்த இடத்தை அளந்து முடிச்சுப் போட்டிருந்தார்.

கடைக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். நடுவில் பெரிய வட்ட மேசை ஒன்று. பால் மாதிரி வெள்ளைப் பலகை. அதில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. குனிந்து பார்த்தால் கால்களையே காணோம். நடுவில் ஒரே ஒரு தூண், தரையைத் தொடும் இடத்தில் அகன்று விரிந்திருந்தது. இவ்வளவு பெரிய பலகை ஒற்றைக் காலில் எப்படி நிற்கிறது? தொட்டால் விழுந்துவிடுமோ என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த நாலு கால் சதுர மேசையில் கயிற்றை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"நாலு சேர் போதும். அக்கா எப்படியும் ஸ்கூல்லேர்ந்து லேட்டாத்தானே வருது?" என்றார்.

"ஆமாண்டா, நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன். இல்லேன்னா தட்டை எடுத்துக்கிட்டு கிச்சன்ல உக்காந்துக்கறேன்" என்றாள் அத்தை.

எனக்கு அத்தை மீது உயிர். அவளுக்கு உதவுவதாக நினைத்து, "வேணாம் அத்தை, நீங்க மூலையில உக்காருங்க. மேசைக் காலுக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால்!" என்றேன்.

தம்பி சிரித்தான். அத்தையும் சிரித்துக்கொண்டே ஒரு முக்காலியை மூலைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து காட்டினாள். மேசைக்கால் முழங்கால்களுக்கு நடுவே வந்து, கஞ்சி போட்ட புடவையின் கொசுவம் இரண்டாகப் பிரிந்து நின்றது. "இதோ, சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"எழுந்திரிங்க அண்ணி" என்றாள் அம்மா.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா நேரே வட்ட மேசையிடம் போய், "இதுல எத்தனை பேர் உக்காரலாம்?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"எத்தினி பேர் வேணா குந்தலாம்மா. காலு நடுவுல கீது, யார் முட்டியிலயும் இடிக்காது. ஆள் வந்தா சேரை நெருக்கிப் போட்டுக்கினே போ."

"இதுதான்" என்றாள் அம்மா.

அப்பாவின் கயிறு அந்த மேசையின் பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போனது. "இதைப் போட்டா கூடத்துல நாம எங்க நிக்கறது?"

"என் தையல் மிஷினை உள்ரூமுக்குத் தள்ளிடலாம்." உள்ரூமுக்கு ஜன்னல் கிடையாது.

"ஒத்தைக் கால்ல நிக்குதே. சாஞ்சிடுச்சுன்னா?"

கடைக்காரர் நல்ல கனத்த மனிதர். ஒரே எம்பில் மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினார். "இன்னா சார், சாயுதா? அடியில இரும்பு வெச்சிக்கீது சார்!"

மேசை அசையவில்லை. நான் வாய் பிளந்து நின்றேன். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. என்னைப் போலவே அவளும் அந்த மேசையின் அழகில் சொக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை மேசை வண்டியில் வந்து இறங்கியது. கூடமே அதுவாகிவிட்டது. அன்று அத்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். அத்தை கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பலகையை உள்ளங்கையால் தடவினாள். எழுந்து, அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அதற்கடுத்தது. இப்படியே மேசையைச் சுற்றி வந்தாள்.

அது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்தேன். அவள் விட்ட நாற்காலிகளில் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டு, "எல்லா இடமும் ஒரே மாதிரிதானே இருக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி, ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அத்தை இன்னொரு சுற்றுக்கு எழுந்தாள்.