பிறந்த வீட்டுக் கோடி

தேவராஜுக்குக் கட்சி என்றால் உயிர். மாகறல் பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நஞ்சை வைத்துப் பயிரிடும் மனிதர். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மறந்தாலும் மறப்பார், கட்சிக் கூட்டத்தை மறக்கமாட்டார். கிளைச் செயலாளர் பதவியில் காலணா வருமானம் கிடையாது. ஆனாலும் அவர் கட்சி ஆட்சியில் எதை அறிவித்தாலும் டீக்கடை வாசலில் ஒரு சரம் பட்டாசு கொளுத்தியாக வேண்டும் அவருக்கு.

ஒரே தங்கை அம்முலுவை உள்ளூரிலேயே கேசவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். முந்தைய ஆட்சியில் கேசவனுக்குச் சாலைப் பணியாளர் வேலை கிடைத்தது. உத்திரமேரூர் சாலையோரம் புல் செதுக்குவான், பள்ளம் விழுந்த இடத்தில் ஜல்லி கொட்டுவான். வேலை கொடுத்த கட்சிக்கு விசுவாசமாக இருந்தான். இருவரும் டீக்கடையில் வாய்ச்சண்டை போட்டால் ஊரே சிரித்துக்கொண்டு கேட்கும்.

"வரிப்பணத்த எல்லாம் சம்பளமா குடுத்துட்டா கஜானா இன்னாத்துக்கு ஆவறது, மாப்ள?"

"உன் மோட்டாரு ஓசி கரண்டுல ஓடுதே மச்சான், அது யாரு வூட்டுப் பணம்?"

இரண்டாயிரத்து இரண்டில் ஒருநாள் டீக்கடைக்குக் கட்சி ஆபீஸிலிருந்து போன் வந்தது. செலவைக் குறைக்க அரசாங்கம் துணிந்து முடிவெடுத்திருக்கிறது, ஊருக்கு ஊர் வெடி போடுங்கள் என்றார்கள். என்ன முடிவு என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா? பாழாய்ப்போன பழக்கம், கேட்கவில்லை. சரம் வெடித்துக்கொண்டிருக்கும்போதே கேசவன் பஸ்ஸைவிட்டு இறங்கினான். சாலைப் பணியாளர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். புகைக்கு நடுவே மச்சானை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தான்.

அன்று மாலை அம்முலு அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"தெரியாம கொளுத்திட்டேன், உன்ன வேலைய வுட்டு எடுத்தது தப்புதான்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுண்ணா. மனசு ஆறிடும்."

தேவராஜுக்கும் அது நெஞ்சை அறுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கூடத்தில் கட்சிக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்களே!

"கட்சி எடுத்த முடிவ நான் எப்டிம்மா தப்புன்னு சொல்றது? கஜானா காலியா கீது. எல்லாரும்தான் வயித்தக் கட்டணும்."

அம்முலு திரும்பிப் போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் அனுப்பிய அரிசி மூட்டை வந்த வண்டியிலேயே திரும்பியது. கேசவன் கல்குவாரியில் கூலிக்குப் போனான். மறுவருஷம் சித்திரை வெயிலில் கல் ஏற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிப் புடவை போட்டாகவேண்டும். அம்முலுவுக்கு இருந்த பிறந்த வீடு தேவராஜ் ஒருவர்தான். புடவையோடு ஓடினார். கேசவனோடு வேலை இழந்தவர்கள் வாசலில் மறித்தார்கள்.

"வெடி போட்ட கையோட இங்க இன்னாய்யா வேல?"

"எங்க அண்ணன உள்ள வுடுங்க" என்றாள் அம்முலு.

தேவராஜ் புடவையைப் பிரித்தார். அம்முலு நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம்கூட மிச்சமில்லை.

"அவரு சம்பளத்த மிச்சம் புடிச்சீங்களேண்ணா, கஜானா ரொம்பிச்சா?"

எதற்கும் பதில் வைத்திருந்த மனுஷன் "தப்பும்மா... தப்புதாம்மா..." என்று உடைந்து அழுதார். கேட்கவேண்டியவன் கேட்காமல் கிடந்தான். அம்முலு தலையைக் குனிந்துகொண்டாள், அவர் கோடியைப் போர்த்தினார்.