கூந்தல் தைல விளம்பரத்தின் பின்பக்கம்

பழைய பத்திரிகைகளிலிருந்து விளம்பரங்களை வெட்டி, அட்டையில் ஒட்டி, சட்டம் போட்டு விற்பது அவர் தொழில். எப்போதோ நின்றுபோன சோப்பு, மூடிவிட்ட கம்பெனியின் பிஸ்கட், கைமாறிப் பெயரும் மாறிய பவுடர் என்று ஓட்டல்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். தெருவில் அவருக்குக் கத்திரிக்கோல் என்று பெயர்.

அவருடைய அக்கா இளம் வயதில் எழுதிய ஒரே ஒரு பக்கக் கதை ஒரு வார இதழில் வந்திருந்தது. படுத்த படுக்கையான பிறகு, அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். எங்கெங்கோ விசாரித்த இதழ் கடைசியில் தம்பியான அவர் வீட்டுப் பரணிலேயே கிடைத்தது. பொருளடக்கத்தில் அக்காவின் பெயர் இருந்தது. கதை வந்த தாள் இல்லை. அதன் மறுபக்கத்தில் இருந்த கூந்தல் தைல விளம்பரத்துக்காக அவரே அதை வெட்டி எடுத்திருந்தார். வெட்டும் தாளைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

படம் ஒரு சலூனில் மாட்டியிருந்தது. சலூன்காரர் கழற்றிக் கொடுத்தார். ஈரத்துணி வைத்து மெல்ல உரித்தும், எழுத்தெல்லாம் பசையோடு அட்டையில் அப்பிக்கொண்டது.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னார்.

"தைலமாவது நல்லா இருக்காடா? மருந்துல எனக்கு முடியெல்லாம் போச்சு."

"கதையைச் சொல்லுக்கா, எழுதிக்கறேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஞாபகம் இருந்தா உன்கிட்ட ஏண்டா கேக்கப் போறேன்?"