மஞ்சள் கரிசலாங்கண்ணியும் என் ஓரகத்தியும்

மஞ்சள் கரிசலாங்கண்ணியைச் சாகடிப்பது சுலபமில்லை. வெள்ளைக் கரிசலாங்கண்ணி மழைக்கு முளைத்துக் கோடையில் கருகிவிடும். இது ஒருமுறை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் போகாது. தரையோடு ஓடும் கொடியில் மண்ணைத் தொடுகிற ஒவ்வொரு கணுவும் வேர் விடும். மூன்று கணு உள்ள துண்டாகக் கிள்ளி, கீழ்க்கணு இரண்டிலும் இலையை நீக்கி மண்ணுக்குள் வைத்து, அரைநிழலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். டவுனில் அலங்காரத்துக்கு வைக்கிற பளபள இலைச் செடியைப் பார்த்து, இதுதான் அது என்று பறித்துவந்து துவையல் அரைக்கிற மேதாவிகளுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என்னுடையது வெள்ளிமலை ஓடைக்கரையிலிருந்து ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. வடக்கனந்தலில் எங்கள் மோட்டார் கொட்டகை வாய்க்கால் ஓரம் முழுக்கப் பாய் விரித்த மாதிரி பூத்துக் கிடக்கிறது. அப்படிப்பட்ட செடியை நான் சாகடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நடவு அன்று முதல் நாற்றை மருமகள்களில் கைராசிக்காரிதான் வைப்பாள். பல வருஷம் நான் வைத்தேன். கொழுந்தனுக்குச் சின்னசேலத்திலிருந்து பெண் எடுத்ததும், புதுப்பெண் என்று அவளை இறக்கினார்கள். அந்தப் போகம் பார்த்து நெல் கொட்டித் தொலைத்தது. மாமியார் ஊரெல்லாம் அவள் கையைப் பற்றியே பேசினார். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பிறகு அவளுக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்தது. அதே மாமியார், அதே வாயால், "இந்த வூட்டு நாத்துல அவ கை படக் கூடாது" என்றார். முதல் நாற்று எனக்கே திரும்பி வந்தது.

அவள் அழுது கேட்டபோது மாமியார் ஒரு வழி சொன்னார். "ஒரு செடிய நட்டு உசுரோட காட்டு. அப்பறம் வயலுக்குள்ள எறங்கு."

அவள் நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, உங்க மஞ்ச கரிசலாங்கண்ணில நாலு குச்சி குடுங்கக்கா. அது யாரு வெச்சாலும் வரும்னு சொல்லுவீங்களே."

"அதுக்கின்னா, காலைல வந்து வாங்கிக்க" என்றேன்.

மறுநாள் சோறு வடித்த கையோடு, கொதிக்கிற கஞ்சியில் துண்டுகளின் அடிக்கணுக்களை மட்டும் முக்கி எடுத்தேன். இலையில் ஒரு சொட்டு படவில்லை. பச்சைத் தண்ணீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன். எப்படி நட வேண்டும் என்றும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். வயல் வேலை பார்க்காமல் வளர்ந்தவள், எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கொல்லையில் நட்டு, தென்னங்கீற்றால் நிழல் கட்டினாள். காலையும் மாலையும் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "வாடிக்கினே இருக்குதேக்கா" என்பாள். "மொதல்ல வாடும், அப்பறம் நிமிரும்" என்பேன். குழாயடியிலிருந்து அதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. பதினைந்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தாள். அடித்தண்டு கறுத்து அழுகியிருந்தது. அதை மாமியாரிடம் அவளேதான் எடுத்துப்போய்க் காட்டினாள்.

நடவு அன்று முதல் நாற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் வரப்பில்கூட ஏறாமல் வண்டிப்பாதையிலேயே நின்றிருந்தாள், யாரும் சொல்லாமலே. என் சின்ன மகளுக்கு அப்போது இரண்டு வயது. பிறந்ததிலிருந்து சித்தி இடுப்பிலேயே வளர்ந்தவள். சேற்றில் வழுக்கி விழுந்து, அழுதுகொண்டே அவளிடம் கை நீட்டி ஓடினாள்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாண்டி கண்ணு. சித்தி கை வேணாம். அம்மாகிட்ட போ."

குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்தியது. நான் குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினேன். மூன்று வருஷமாகிறது. அவள் இன்னும் என் மகளைத் தூக்கவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.